ஸ்டோர்கீப்பர் நூலகரான கணக்கு

ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் 11 வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். கேபிள் ரோல், நட்டு, போல்ட்டு, ஹெல்மெட், கையுறை. யார் வந்து என்ன கேட்டாலும் முதலில் சந்தேகப்பட வேண்டும், அதுதான் வேலை. போன வாரம் வாங்கின கையுறை எங்கே, பழையதைக் காட்டு, இங்கே கையெழுத்துப் போடு. ஸ்டோரை விட்டுச் சாமான் எவ்வளவு குறைவாக வெளியே போகிறதோ அவ்வளவு கெட்டிக்கார ஸ்டோர்கீப்பர் என்று பெயர். 2020இல் கொரோனா வந்து கம்பெனி ஆளைக் குறைத்தபோது சிறப்பு விமானம் பிடித்து ஊர் வந்து சேர்ந்தேன். ஊர் என்றால் ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில். ரோட்டை விட்டு இறங்கினால் பத்து நிமிஷ நடையில் கடல். அப்போது எனக்கு வயது 37.

இப்போது ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் நூலகர். இது தெரிந்ததிலிருந்து வளைகுடாவிலிருந்து மாதம் ஒரு போனாவது வருகிறது. "மச்சான், நானும் வந்துடலாம்னு இருக்கேன். வாத்தியார் வேலைக்கு என்ன படிக்கணும்?" ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் விழ இருந்த பள்ளத்தைச் சொல்கிறேன். நான் பி.காம். ஆசிரியர் என்றால் பி.எட். என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். தெரிந்தவர் ஒருவர் வெளிமாநிலக் கல்லூரி ஒன்றைச் சொன்னார். வகுப்புக்கே போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், மொத்தமாக இவ்வளவு. முன்பணம் கொடுக்கக் கையில் பணத்தோடு கிளம்பிவிட்டேன். என் கொழுந்தியாள் பி.எஸ்சி. கணிதம், பி.எட். அவள்தான் வாசலில் மறித்தாள். "மச்சான், பி.காமுக்குத் தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர் போஸ்டே கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் வணிகவியல் எந்தப் புத்தகத்தில் இருக்கு, சொல்லுங்க?"

அவள் சொன்னது சரி. வணிகவியல் பதினொன்று, பன்னிரண்டில்தான் வருகிறது. அதை நடத்துபவர் முதுகலை ஆசிரியர். தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல் மாதிரியான பாடக்காரர்கள் பி.எட். சேரவே முதுகலைப் பட்டம் வேண்டும். அப்படியானால் எனக்கு எம்.காம். 2 வருஷம், பி.எட். 2 வருஷம், அதற்கப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. எல்லாம் ஒரே மூச்சில் நடந்தாலும் வகுப்பறைக் கதவைத் தொடும்போது 42. அரசு ஆசிரியர் நியமனத்துக்கு வயது வரம்பு இப்போது ஐம்பதைத் தாண்டி இருக்கிறது, அதனால் வயது பிரச்சினை இல்லை. அந்த நாலு வருஷம் வீட்டில் அடுப்பு எதில் எரியும் என்பதுதான் பிரச்சினை.

வகுப்புக்குப் போகாத பி.எட். பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2015லிருந்து பி.எட். 2 வருஷப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் போய்ச் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். தொலைநிலைக் கல்வியில் பி.எட். உண்டுதான், ஆனால் அது ஏற்கனவே பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு. ஸ்டோரில் உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவனுக்கு இல்லை. இதைத் தாண்டி யாராவது உங்களிடம் பேசினால், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

கொழுந்தியாளின் கதை வேறு. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு தாள். ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர்களுக்குத் தாள் ஒன்று, ஆறு முதல் எட்டு வரைக்குத் தாள் இரண்டு. 150 கேள்வி, 150 மதிப்பெண். அவள் தாள் இரண்டு எழுதித் தேறிவிட்டாள். சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் தேறியதும் வேலை என்று நினைக்கக் கூடாது. 2018இல் வந்த அரசாணைப்படி அதற்கு மேல் தனியாக ஒரு நியமனத் தேர்வு உண்டு. "டெட் பாஸ் பண்ணிட்டேன்" என்று சொந்தக்காரர்கள் கேக் வெட்டிய அன்றைக்கே நாங்கள் இதைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். இப்போது பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியராக இருக்கிறாள், மாதம் 15,000 ரூபாய். தொடக்க வகுப்புகள் எடுக்கும் இடைநிலை ஆசிரியராக இருந்தால் 12,000, முதுகலை என்றால் 18,000. நிரந்தர ஆள் வந்து சேர்ந்துவிட்டால் இவள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இன்னும் ஒன்று. பி.எட். இருந்தால் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றமே அதை மூடிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரைக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தார்கள். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்த இடைவெளியை அடைக்கச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் திட்டம். மாதம் 1,000 ரூபாய். எங்கள் தெருவில் பெண்கள்தான் சேர்ந்தார்கள், நான் ஒருவன்தான் ஆண். சும்மா இருப்பதற்குப் பதிலாகச் சேர்ந்தேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. பணம் கட்டிப் படிக்கும் முன்னால், பிள்ளைகளோடு நம்மால் இருக்க முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

பார்த்தேன். பாடம் நடத்துவதில் நான் சுமார்தான். பின்னத்தை மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் ஸ்டோரில் பேசும் குரலாக மாறிவிடும். ஒரு பிள்ளை அழுதேவிட்டாள். ஆனால் வகுப்புக்கு முன்னால் அரை மணி நேரம், கையில் இருந்த முப்பது நாற்பது கதைப் புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்துவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் எனக்குக் கோபமே வந்ததில்லை. எவன் எதை எடுக்கிறான், எந்தப் பக்கத்தில் கீழே வைக்கிறான், மறுநாள் எதைத் தேடி வருகிறான் என்று கவனிப்பது என் கைக்குப் பழகிய வேலையாக இருந்தது. நாலு மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டிய ஆள் இல்லை, அலமாரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள். ஆசிரியராக வேண்டும் என்று யார் சொன்னாலும் இப்போது நான் சொல்வது இதைத்தான்: முதலில் மூன்று மாதம் எங்கேயாவது சும்மா போய் இரு. டியூஷனோ, கோயில் வகுப்போ, மதரஸாவோ, ஞாயிறு வகுப்போ, எதுவானாலும் சரி.

நூலக அறிவியல் எந்தப் பட்டம் முடித்தவர்களும் படிக்கலாம். பி.காம். என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இளநிலைப் படிப்பு ஒரே வருஷம், தொலைநிலையிலும் செல்லும். நான் இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன், எங்கள் மாவட்டம் மதுரை மண்டல மையத்தின் கீழ் வருகிறது. ஒப்படைப்புகளைக் கையால் எழுத வேண்டும், செய்முறை வகுப்பு உண்டு. பகுப்பாக்கம், அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுப்பது என்றால் எல்லோரும் பயமுறுத்தினார்கள். எனக்கு அது விடுமுறை மாதிரி இருந்தது. ஸ்டோரில் ரேக் நம்பர், பெட்டி நம்பர் என்று 11 வருஷம் பழகியவனுக்குத் தூயி தசமப் பகுப்பு என்ன பெரிய விஷயம். 500 என்றால் அறிவியல், அதற்குள் 590 விலங்கு, அதற்குள் 597 மீன். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. நூலகவியல் அறிஞர் அரங்கநாதனின் கோலன் பகுப்புமுறை மட்டும்தான் கொஞ்சம் தண்ணி காட்டியது.

சீர்காழியில் பிறந்த அந்த அரங்கநாதனைப் பற்றிப் படித்தது எனக்கு ஒரு தெம்பு. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். போன புதிதில் அந்த அமைதி பிடிக்காமல், என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகுதான் மனசு நிலைத்தது. நூலகத்துக்கு அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. பரீட்சையில் இதை நான் அழகாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். அது தலைக்குள் போகவில்லை என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

வேலை தேடும்போது கண்ட நிலவரம்: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நூலகம் பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்பு, தனி நூலகரைப் பார்ப்பது அரிது. கேந்திரிய வித்யாலயாவில் நூலகர் பணியிடம் உண்டு, பொது வயது வரம்பு 35. எனக்கு 40. மத்திய அரசின் இன்னொரு வகைப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டிலேயே கிடையாது. மிச்சம் தனியார் பள்ளிகள். முதலில் போன பள்ளியில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வருஷம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஸ்டோர்கீப்பர் புத்தி அங்கே கை கொடுத்தது. என் சரக்கு வெளியே போகாது. நகலைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், அவர்கள் கூப்பிடவில்லை. இரண்டாவது பள்ளியில் நியமன ஆணையைக் கையில் வாங்கிப் படித்தேன். "நூலகர் மற்றும் நிர்வாகம் ஒதுக்கும் பிற பணிகள்" என்று இருந்தது. அந்தப் 'பிற பணிகள்' என்ன என்று அங்கேயே கேட்டேன். ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, சேர்க்கை நேரத்தில் கணினியில் பதிவு. வாரத்துக்கு ஆறு பீரியடுக்கு மேல் வேண்டாம் என்று கேட்டு எழுதி வாங்கினேன். கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்காமல் சேர்ந்துவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

சம்பளம் 12,000. ஷார்ஜாவில் வாங்கியதில் கால் பங்குகூட இல்லை. இதில் வீரம் பேச ஒன்றும் இல்லை. கிளம்பும்போது கிடைத்த செட்டில்மென்ட் பணத்தில் முதலில் அடகு நகையை மீட்டோம். மிச்சத்தைப் பதினெட்டு மாதத்துக்குப் பிரித்து மாதாமாதம் எடுத்தோம். மனைவி தையல் மிஷினோடு இன்னொரு ஓவர்லாக் மிஷின் வாங்கிப் போட்டாள். வீடு கட்டின கடன் இருந்திருந்தால் இந்த வேலைக்கு நான் வந்திருக்க மாட்டேன், இதை மறைக்காமல் சொல்கிறேன். போன் பண்ணுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே கடன் எவ்வளவு என்பதுதான். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

நூலகம் என்று என்னிடம் ஒப்படைத்தது நாலு ஸ்டீல் பீரோ. சாவி ஆபீஸில். திறந்தால் 1,140 புத்தகம், பாதி ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் துருக்கறை. எங்கள் பக்கக் காற்றில் உப்பு உண்டு, வாடை மாதங்களில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். பத்திரிகைகளில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். ஒரு வாரம் உட்கார்ந்து பின்களையெல்லாம் பிடுங்கினேன். எங்கள் பியூன் அண்ணன் வலை பொத்துகிறவர். நைலான் வலை நூலும் ஊசியும் கொண்டு வந்து நடுமடிப்பில் மூன்று துளை போட்டுத் தைத்துக் காட்டினார். இரண்டு வருஷமாகிறது, ஒன்றுகூடப் பிரியவில்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட வேண்டும், அடியில் கட்டை கொடுக்க வேண்டும், தட்டில் வசம்புத் துண்டு போட வேண்டும். புத்தகத்தைத் துளைக்கும் பூச்சிக்குத் தமிழில் ராமபாணம் என்று பெயர். ராமேஸ்வரம் பக்கத்தில் இருந்துகொண்டு ராமபாணத்துக்குத் தப்ப முடியுமா என்று எங்கள் தமிழம்மா கேட்பார்.

முதல் மாதம் எல்லாவற்றுக்கும் பதிவேட்டு எண் கொடுத்து, முதுகில் சீட்டு ஒட்டி, நூலகக் கணக்கு வைக்கும் கோஹா மென்பொருளில் ஏற்றினேன். காசில்லாமல் கிடைக்கிறது, பழைய கணினியிலும் ஓடுகிறது. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் புத்தகம் பிரித்திருப்பதைப் பார்த்து, நானும் நாலு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டினேன். பார்க்க ஷோரூம் மாதிரி இருந்தது. கரஸ்பாண்டன்ட் வந்து பார்த்துத் தட்டிக் கொடுத்தார். ஒரு புத்தகம் இடம் மாறவில்லை, ஒரு பக்கம் மடங்கவில்லை. வாரத்துக்கு இருபது புத்தகம்கூட வெளியே போகவில்லை என்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை.

அப்போதுதான் ஓர் ஏழாம் வகுப்புப் பையன் வந்தான். மன்னார் வளைகுடா உயிரினங்கள் பற்றிய படப் புத்தகம் ஒன்றை எடுத்துப் போனான். மூன்று வாரம் கழித்துக் கொண்டு வந்தான். அட்டையில் கருவாட்டு வாசனை. பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்து. கடற்பசு என்று அச்சடித்த இடத்தில் அடித்துவிட்டு 'ஆவுளியா' என்று எழுதியிருந்தது. வஞ்சிரம் என்பதற்குப் பக்கத்தில் 'சீலா'. ஒரு நண்டுப் படத்தில் கால் தப்பாக இருக்கிறது என்று அம்புக்குறி வேறு.

"என்ன தம்பி இது?"

"தப்பா போட்ருக்காங்க சார். அது ஆவுளியா சார். எங்க தாத்தா சொன்னாரு."

டேமேஜ் என்று எழுதி 20 ரூபாய் அபராதம் போட்டேன். மறுநாள் இரண்டு பத்து ரூபாய்த் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அப்புறம் அவன் நூலகப் பக்கமே வரவில்லை. அவன் மட்டும் இல்லை, அவனோடு அந்தக் கரையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஐந்தாறு பேரும் வரவில்லை. நாலு வாரம் கோஹாவில் அந்தப் பெயர்களுக்கு நேரே சுழி. கணக்கு எழுதுகிறவனுக்குச் சுழி உறுத்தும்.

ஒரு சனிக்கிழமை அந்தப் புத்தகத்தை நானே எடுத்து முழுக்கப் பார்த்தேன். பென்சில் எழுத்து இரண்டு மாதிரி இருந்தது. ஒன்று பையனுடையது. இன்னொன்று நடுக்கமான, பழைய காலத்து எழுத்து, 'லை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி வளைத்துப் போட்டது. தாத்தா சொல்லவில்லை, அவரே எழுதியிருக்கிறார். மூன்று வாரம் அந்தப் புத்தகம் ஒரு வீட்டில் இரண்டு தலைமுறை கைமாறியிருக்கிறது. 1,140 புத்தகத்தில் அப்படிப் படிக்கப்பட்டது அது ஒன்றுதான். அதற்குத்தான் நான் அபராதம் போட்டிருக்கிறேன்.

பையனைக் கூப்பிட்டு 20 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "பரவால்ல சார்" என்றான், பெரிய மனுஷன் மாதிரி. அதற்குப் பதிலாக அந்தப் பணத்தில் ஒரு நீள நோட்டு வாங்கி, 'ஊர்ப்பேர்' என்று அட்டையில் எழுதி மேஜையில் வைத்தேன். புத்தகத்தில் இருக்கும் பெயர் இடது பக்கம், வீட்டில் சொல்லும் பெயர் வலது பக்கம். கச்சான், கொண்டல் என்று காற்றுப் பெயரை ஒரு பிள்ளை எழுதினாள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும் பையன் பனையில் என்னென்ன உண்டோ அத்தனையும் எழுதினான். பீரோக் கதவுகளைக் கழற்றிவிட்டேன். அதற்கு ஆபீஸில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது, அது இங்கே வேண்டாம். ஸ்டோரில் மிச்சம் இருப்பதுதான் லாபம், இங்கே மிச்சம் இருப்பதுதான் நஷ்டம். இந்தத் தலைகீழ் கணக்கு என் கைக்கு வர ஒரு வருஷம் பிடித்தது.

அடுத்த ஏப்ரலில் ஒரு பரிசோதனை செய்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வருகிறது. அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, எங்கேயும் போக மாட்டார்கள். ஆளுக்கு மூன்று புத்தகம், விடுமுறை முழுக்க வைத்துக்கொள்ளலாம், ஒன்றாவது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்றேன். 264 புத்தகம் போனது. கரஸ்பாண்டன்ட், "பாதியாவது திரும்புமா?" என்று கேட்டார். காணாமல் போனால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். அந்த வாக்குறுதியை எந்த நூலகரும் கொடுக்கக் கூடாது. பதிலாக, நூற்றுக்கு இத்தனை இழப்பு என்று வருஷ ஆரம்பத்திலேயே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் நூற்றுக்கு எட்டு கேட்டு ஐந்து வாங்கினேன்.

ஜூனில் 250 திரும்பியது. வராத பதினாலில் ஆவுளியாப் புத்தகமும் ஒன்று. பையன் எட்டாம் வகுப்பு போய்விட்டான். கேட்டால், தாத்தா தங்கச்சிமடத்தில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டு போனாராம், அங்கிருந்து பாம்பனில் யாரோ வாங்கிப் போயிருக்கிறார்களாம், நண்டுக்கால் பற்றி அவர்களுக்குள் ஏதோ தகராறாம்.

"வந்துரும் சார். படகுல இருக்காம்."

பதிவேட்டில் அதற்கு நேரே 'வெளியே' என்றுதான் இன்னும் இருக்கிறது. இன்னொரு பிரதி வாங்கித் தரச் சொல்லி இண்டென்ட் போட்டிருக்கிறேன்.